வண்டி தாமதமாகலாம், பதில் தாமதமாகக் கூடாது



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. "சார், ஆவடியில வண்டி நிக்குது, ஏன்னு தெரியல." "கும்மிடிப்பூண்டி லைன்ல இன்னைக்கும் முக்கால் மணி நேரம்." உடனே ஒருவர் அழுகிற பொம்மை போடுகிறார், இன்னொருவர் ரயில்வேயைத் திட்டுகிறார், மூன்றாமவர் "இந்த நாடு உருப்படாது" என்று முடித்துவைக்கிறார். மறுநாள் எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ரயிலில் நின்றபடி படிப்பவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். வண்டி தாமதமாவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் தாமதமான பிறகு ரயில்வே பயணியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது முழுக்க அதன் கையில்தான் இருக்கிறது. நாம் கேள்வி கேட்க வேண்டியது அந்த இரண்டாவது விஷயத்தில்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பீச்–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இத்தனை வருடங்களாக ஊரைச் சுமக்கும் ஒரு ஏற்பாடு. அதில் மேலே போகும் மின்கம்பி அறுந்தால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். சிக்னல் கோளாறானால் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக அனுமதி கொடுத்து மெதுவாக அனுப்ப வேண்டும். கேட்டை மூடவிடாமல் நான்கு பைக் நுழைந்தால் சிக்னல் விழாது. அந்த நான்கு பேருக்காக ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் பல இடங்களில் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் லோக்கலும் ஒரே தண்டவாளத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கிற பக்கம் அது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பது லோக்கல்தான். இதில் எதற்கும் மோட்டார்மேனையோ ஸ்டேஷன் மாஸ்டரையோ திட்டிப் பயனில்லை. அவர்களும் கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் வார்த்தைக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

சரி, தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

ஒரே பெட்டியில் நிற்கும் எல்லாருக்கும் தாமதம் இருபது நிமிடம்தான். ஆனால் விலை வேறு வேறு. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பையன் "ஆன் த வே" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொள்வான். அவன் பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி, கைரேகை வைக்கும் கருவியில் பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலியை இழப்பார். வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, முதல் வீட்டில் பிந்தினால் மூன்று வீட்டிலும் பேச்சு வாங்குவார். தேர்வு எழுதப் போகும் பெண்ணுக்கு ஒரு வருடமே போய்விடும். யாருக்கு நேரத்தின் மேல் அதிகாரம் குறைவோ, அவர்கள் தலையில்தான் தாமதத்தின் பாரம் அதிகமாக இறங்குகிறது. நம் பள்ளிக்கும் ரயிலில் வரும் பிள்ளைகள் இருந்தார்கள். "வண்டி லேட்டு சார்" என்று வாசலில் நிற்கும்போது அவர்கள் கையில் அதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. உண்மை சொல்கிறவனும் சாக்குச் சொல்கிறவனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இந்தச் சாட்சி விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது ரயில்வேயின் பதிலைப் பாருங்கள். "பயணிகளுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்." பதிவு செய்த குரல், எந்த நாளிலும் ஒரே சுருதி. அதில் பயணிக்குத் தேவையான மூன்று விஷயமும் இல்லை. என்ன நடந்தது? எவ்வளவு நேரமாகும்? அதுவரை நான் வேறு எப்படிப் போவது? இந்த மூன்றும் தெரிந்தால் ஒருவர் பஸ் பிடிப்பார், ஒருவர் மெட்ரோவுக்கு மாறுவார், ஒருவர் மேலாளருக்குப் போன் செய்வார். தெரியாததால் எல்லாரும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறோம். அடுத்த வண்டி வரும்போது இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறுகிறது.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்காதீர்கள். 2018 ஜூலை 24 காலையை எல்லாரும் நினைத்துப்பாருங்கள். மின்கம்பி கோளாறால் போக்குவரத்து குலைந்திருந்தது. வழக்கமான லோக்கல் பாதையில் போக முடியாத வண்டி, விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிடப்பட்டது. கூட்டம் படிக்கட்டு வரை பிதுங்கியிருந்தது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்பில் மோதித் தொங்கிக்கொண்டு வந்த இளைஞர்கள் விழுந்தார்கள், உயிரிழந்தார்கள். படியில் தொங்கியது தவறுதான். ஆனால் "இன்று இந்த வண்டி வேறு பாதையில் போகிறது, பக்கத்தில் சுவர் இருக்கிறது, வாசலில் நிற்காதீர்கள், அடுத்த வண்டி இத்தனை நிமிடத்தில் வரும்" என்று உறுதியாகச் சொல்லும் ஒரு குரலை நம் பயணிகள் கேட்டுப் பழகியிருந்தால், எத்தனை பேர் இறங்கி நின்றிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தாமத நேரத்தில் கொடுக்கும் தகவல் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதை மரியாதைக்காகச் சொல்லும் வாசகமாக வைத்திருக்கிறோம்.

தெற்கு ரயில்வேயால் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் யார்டு சீரமைப்புக்காக ஏராளமான லோக்கல் வண்டிகளை ரத்து செய்தார்கள். ஆனால் எது ரத்து, எது பல்லாவரம் வரை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பஸ் விட்டது, மெட்ரோவும் கூடுதல் சேவை ஓட்டியது. சிரமம் இருந்தது, ஆனால் திட்டமிட்டுக்கொள்ள வழி இருந்தது.

எதிர் உதாரணமும் அவர்களிடமே இருக்கிறது. பீச்–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். சொன்னது ஏழு மாதம். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். பதினான்கு மாதம், சரியாக இரண்டு மடங்கு. வேலை இழுத்துப் போவது உலகத்தில் நடக்காததல்ல. நான் கேட்பது, ஏழு மாதம் முடிந்த அன்று ஒவ்வொரு நிலையத்திலும் "இன்ன காரணத்தால் இன்னும் இத்தனை மாதம்" என்று ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி அங்குள்ள கதையைச் சொல்வீர்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

ஜப்பானில் வண்டி தாமதமானால் பயணிக்கு ஒரு சீட்டு கொடுக்கிறார்கள், "இன்று இந்தப் பாதையில் இத்தனை நிமிடம் தாமதம்" என்று. அலுவலகத்திலோ பள்ளியிலோ அதைக் காட்டலாம். இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் பணம் இல்லை. ஆனால் மேலே சொன்ன சாட்சி இருக்கிறது. "தவறு இவருடையதல்ல, எங்களுடையது" என்று ரயில் நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது.

பிரிட்டனில் பணமாகத் தருகிறார்கள். பெரும்பாலான ரயில் நிறுவனங்களில் 15 நிமிடம் பிந்தினால் ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கு, அரை மணி நேரம் என்றால் பாதி, ஒரு மணி நேரம் என்றால் முழுதும். சீசன் டிக்கெட்காரருக்கும் கணக்குப் போட்டு உண்டு.

சிங்கப்பூரில் அரசு நிறுவனத்தைப் பிடிக்கிறது. 2011 டிசம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை எம்.ஆர்.டி. பெரிதாக நின்றபோது விசாரணைக் குழு போட்டார்கள், எஸ்.எம்.ஆர்.டி. நிறுவனத்துக்கு 20 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி, ஆண்டுக் கட்டண வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம் என்று உயர்த்தினார்கள். 2024 செப்டம்பரில் கிழக்கு–மேற்குப் பாதையின் ஒரு பகுதி ஆறு நாள் நின்றதற்கும் அபராதம் கட்டினார்கள்.

ஆனால் ஜப்பானைப் பார்த்து எச்சரிக்கையும் கற்றுக்கொள்ள வேண்டும். 2005 ஏப்ரல் 25 அன்று அமகாசாகி என்ற இடத்தில் ஒரு காலை நேர லோக்கல் வண்டி வளைவில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். மணிக்கு 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் வண்டி 116 கிலோமீட்டரில் போனது. காரணம்? வண்டி சுமார் ஒன்றரை நிமிடம் பிந்தியிருந்தது. தாமதம் செய்த ஓட்டுநர்களை அந்த நிறுவனம் "மறுபயிற்சி" என்ற பெயரில் அவமானப்படுத்தும் வழக்கம் இருந்தது. 23 வயது ஓட்டுநர் அந்தப் பயத்தில்தான் நேரத்தைப் பிடிக்கப் பார்த்தார் என்று விசாரணையில் சுட்டிக்காட்டினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், "தாமதமானால் மோட்டார்மேன் சம்பளத்தைப் பிடி" என்று குழுவில் எழுதுகிறீர்களே, அது ஆபத்தான யோசனை. தண்டனை கீழே இருப்பவர் தலையில் விழுந்தால் அவர் வேகத்தைக் கூட்டுவார், அல்லது உண்மையை மறைப்பார். நிறுவனம்தான் பொறுப்பேற்க வேண்டும், தனி மனிதர் அல்ல.

நம் நாட்டில் நிலைமை என்ன? முன்பதிவு செய்த வண்டி, நீங்கள் ஏறும் நிலையத்துக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்து, நீங்கள் பயணம் செய்யாவிட்டால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். 2019-இல் தேஜஸ் வண்டிகளில் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு 250 ரூபாய் என்று இழப்பீடு கொண்டுவந்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் பிந்திப் போன வண்டியால் ஒரு குடும்பம் விமானத்தைத் தவறவிட்டது. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தால் என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லி 30,000 ரூபாய் இழப்பீட்டை நீதிமன்றம் உறுதி செய்தது. அதாவது காரணம் சொல்லும் பொறுப்பு ரயில்வேயுடையது, பயணியுடையது அல்ல.

இதெல்லாம் நீண்ட தூர வண்டிக்கு. தினமும் சீசன் டிக்கெட்டில் போகும் நம் திருவள்ளூர்க்காரருக்கும் செங்கல்பட்டுக்காரருக்கும் என்ன இருக்கிறது? தினமும் இருபது நிமிடம் இழப்பவர் வழக்கா போட முடியும்? தாமதம் சின்னதாக இருப்பதாலேயே நியாயம் கேட்க வழியில்லாமல் போகிறது. வேலை நாள் 25 என்று வைத்தால் அது மாதத்துக்கு 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு முழு வேலை நாள் பிளாட்பாரத்தில் போகிறது.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்று. "90 சதவீத வண்டிகள் சரியான நேரத்தில் ஓடுகின்றன" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு பாதையில் பத்து வண்டி. அதில் ஒன்பது மதிய நேர வண்டிகள், வண்டிக்கு 300 பேர், எல்லாம் சரியான நேரம். காலை எட்டு மணி வண்டி ஒன்று, அதில் 3,000 பேர், அது தாமதம். வண்டிக் கணக்கில் 90 சதவீதம் சரி. ஆள் கணக்கில்? மொத்தம் 5,700 பேரில் 3,000 பேர் தாமதம், பாதிக்கும் மேல். இரண்டு கணக்கும் உண்மைதான், ஆனால் கேள்வி வேறு. லண்டன் சுரங்க ரயிலில் எத்தனை பயணிகள் எத்தனை மணி நேரம் இழந்தார்கள் என்றே கணக்கிடுகிறார்கள். அளக்கும் இடமும் முக்கியம். கடைசி நிலையத்துக்கு முன்னால் கால அட்டவணையில் கூடுதல் நிமிடம் சேர்த்துவிட்டால், நடுவில் எல்லாரும் பிந்தி இறங்கினாலும் வண்டி "சரியான நேரத்தில்" போய்ச் சேரும். பிரிட்டனில் முன்பு கடைசி நிலையத்தில் மட்டும் பார்த்து, ஐந்து நிமிடம் வரை சலுகை கொடுத்துக் கணக்கிட்டார்கள். 2019 முதல் வழியில் உள்ள நிலையங்களிலும் ஒரு நிமிடக் கணக்குப் பார்க்கிறார்கள். அளவுகோலை மாற்றினால்தான் நோய் தெரியும்.

ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். உறவினர் ஒருவர் போன வாரமே சொன்னார், "அஞ்சு ரூபாய் டிக்கெட்டுக்கு இதுவே அதிகம் மாமா" என்று. கட்டணம் குறைவு, ரயில்வேக்கு லோக்கல் வண்டியில் நஷ்டம், இரண்டும் உண்மை. அதனால்தான் நான் பிரிட்டன் போலப் பணம் கேட்கவில்லை. ஐந்து ரூபாயில் கால் பங்கைத் திருப்பி வாங்கி என்ன செய்வது? ஆனால் விலை குறைவு என்பதற்காகப் பொறுப்பும் குறைவு என்று ஆகாது. ரேஷன் கடையில் அரிசி இலவசம் என்பதற்காக எடை குறைத்துப் போடலாமா? அரசுப் பள்ளியில் கட்டணமில்லை என்பதற்காக வாத்தியார் பாதி வகுப்பு எடுக்கலாமா? குறைந்த விலையில் கொடுப்பது யாருக்காக? வேறு வழி இல்லாதவர்களுக்காக. வேறு வழி இல்லாதவருக்குச் சொல்லும் வார்த்தை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான் கேட்பவை நான்கு. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று, பத்து நிமிடத்துக்கு மேல் வண்டி நின்றால் காரணம், எதிர்பார்க்கும் நேரம், மாற்று வழி மூன்றையும் தமிழில் அறிவிக்க வேண்டும். தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை, பத்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறோம்" என்றாவது சொல்ல வேண்டும்.

இரண்டு, தாமதச் சீட்டு. டிக்கெட் எடுக்கும் செயலி ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கிறது. எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் பிந்தியது என்று கண்ட்ரோல் அலுவலகத்தில் தினமும் பதிவாகிறது. இரண்டையும் சேர்த்தால் சீட்டு தயார். செயலி இல்லாதவருக்கு நிலையத்தில் முத்திரை போட்ட துண்டுத் தாள் போதும்.

மூன்று, மாதம் ஒருமுறை ஒவ்வொரு பாதைக்கும் தாமதக் கணக்கும் காரணமும் வெளியிட வேண்டும். காலை, மாலை நெரிசல் நேரத்துக்குத் தனியாக.

நான்கு, பெரிய பழுது வந்தால் சீசன் டிக்கெட்டைக் காட்டி மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் அன்று மட்டும் போக ஏற்பாடு. பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் இணைக்க ஒரு ஆணையமே சென்னையில் இருக்கிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

நம் பங்குக்கும் வருகிறேன். ரயில் மறியல் செய்தால் அடுத்த வண்டியில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்ணும் நோயாளியும்தான் தவிப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கண்ணாடியை உடைப்பதும் நம் வரிப்பணம். அதற்குப் பதில் 139-க்குப் போன் செய்யுங்கள், ரயில் மதத் செயலியில் புகார் எழுதுங்கள். கோபத்தை எழுதாமல் வண்டி எண், நிலையம், நேரம் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம்.

கடைசியாக, உங்களில் பலர் இன்று மேலாளர், தலைமை ஆசிரியர், கல்லூரி முதல்வர், கடை முதலாளி. ரயில்வே தாமதச் சீட்டு கொடுக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களிடம் வேலை பார்ப்பவர் "வண்டி லேட்டு" என்று வந்து நின்றால், அந்தப் பாதையில் அன்று தாமதமா என்று போனில் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். உண்மையென்றால் அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். ரயில்வேயின் தவறுக்கு அவர் அபராதம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றத்தை நாளைக் காலையே நீங்கள் செய்யலாம்.

லோக்கலில் போகிறவர்கள் அடுத்த 30 நாள், ஏறும் நிலையம், வண்டி நேரம், வந்த நேரம் மூன்றையும் குறித்து மாத முடிவில் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். சரியான நேரத்தில் வந்த நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது கணக்கு ஆகாது. நான் தொகுத்து, மேலே சொன்ன நான்கு கோரிக்கையோடு சென்னைக் கோட்ட மேலாளருக்கு மனுவாக அனுப்புகிறேன். கையெழுத்துப் போட விரும்புபவர்கள் பெயரும் ஊரும் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள். படியில் தொங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்